ஸ்லோ குக்கரில் பன்றி இறைச்சி: மல்லாவியில் மூன்று வருசப் பாவிப்பு

2022 டிசம்பரில் லண்டனில் இருந்து வந்த அக்கா கொண்டு வந்த சாமான்களில் நான் கடைசியாகத் திறந்தது இந்த ஸ்லோ குக்கரைத்தான். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெல்ல அவிக்கிற கரண்ட் சட்டி இது. மூன்றரை லீற்றர் அளவு. உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. முன்னால் இருக்கும் திருகியில் லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலை. அடியில் 210 வாட் என்று போட்டிருக்கிறது. "காலமை பன்றியைப் போட்டிட்டு நீ வயலுக்குப் போ. பின்னேரம் வந்து மூடியைத் திற" என்று அக்கா சொன்னா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இறைச்சி என்றால் பக்கத்தில் நின்று அகப்பையால் பிரட்ட வேணும் என்றுதான் நான் பழகியிருந்தேன்.

வருகிற டிசம்பரோடு மூன்று வருசம் ஆகிறது. கிழமைக்கு ஒருதரமாவது அடுப்பு மேசையில் இது ஏறுகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்வதை விட, ஆறுதலாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் கரண்ட் விசயம். லண்டனில் வாங்கியது 230 வோல்ற், சதுரக் கால் பிளக். எங்கள் புது சொக்கெற்றுக்கு அப்படியே பொருந்தியது. கனடாவில் இருந்து வருவது அப்படியில்லை, அங்கே 120 வோல்ற். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கனடாக் குக்கரை நேரே செருகி, கொஞ்ச நேரத்திலேயே கருகல் மணம் வந்து, அது அதோடு முடிந்தது. ட்ரான்ஸ்ஃபோமர் வைத்துப் பாவிக்கலாம். ஆனால் எட்டு ஒன்பது மணித்தியாலம் ஓடுகிற சாமானுக்கு அது வீண் தொல்லை. கனடாவில் இருக்கிற பிள்ளைகளிடம் இதை மட்டும் கேட்காதையுங்கோ.

பில்லைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 210 வாட்டை எட்டு மணித்தியாலம் ஓடவிட்டாலும் ஒன்றே முக்கால் யூனிட்டைத் தாண்டாது. யூனிட் விலை ஏறுகிற 90 யூனிட் எல்லையில் நிற்கிற வீடு என்றால் மாதத்தில் எத்தனை தரம் என்று ஒருக்கால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கோ, அவ்வளவுதான்.

இனிப் பன்றி. அக்கா சொன்ன சாப்பாட்டின் பெயர் புல்ட் போர்க். அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலைனா போன்ற இடங்களில், பன்றியை விறகுத் தணலில் மணிக்கணக்காக வாட்டி, நார் நாராகப் பிய்த்து, வினாகிரி சேர்த்த சோஸில் பிரட்டிப் பணிசுக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். குக்கரில் செய்வது அதன் வீட்டு வழி. புகை மணம் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அந்த மெதுமை முழுதாக வருகிறது.

அந்த மெதுமைக்குத் தோள்பகுதிதான் வேணும். தொடை, முதுகு இறைச்சி எல்லாம் நல்ல சதை என்று காசு கூடக் கொடுத்து வாங்கி இரண்டு தரம் பழுதாக்கினேன். சதை சக்கை மாதிரி வறண்டு போனது. தோளில் கொழுப்பும் சவ்வும் ஊடுபாவாக ஓடுகிறது. சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 70 பாகை செல்சியசுக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலற்றினாகிறது. உள்ளே 90, 95 பாகை வந்து நிற்கும்போது முள்ளுக்கரண்டி பட்டாலே நார் பிரிகிறது. இதற்கு நேரம்தான் வேணும், நெருப்பைக் கூட்டி அவசரப்படுத்தினால் சதைதான் இறுகும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் தோளை முழுசாக வாங்குவது ஒரு வேலை. ஏ9 வீதிப் பக்கம் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலமையில் பன்றி அடிப்பார்கள். எலும்பும் கொழுப்பும் சதையுமாக எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கொத்தி, கலந்து, நிறுத்துத் தருவதுதான் வழக்கம். முதல்நாள் போய் நின்று, "அண்ணை, முன்னங்கால் தோளை வெட்டாமல் துண்டாத் தாங்கோ" என்று கேட்டேன். "வெட்டாமல் கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் பிள்ளை?" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். விளங்கப்படுத்தினேன். இப்போது சனிக்கிழமை ஒரு கோல் எடுத்தால் எடுத்து வைத்துவிடுவார். ஒன்றரைக் கிலோவை நாலு பெரிய துண்டாக்கினால் மூன்றரை லீற்றர் சட்டிக்கு அளவாக இருக்கும். அதற்கு மேல் அடைக்க வேண்டாம்.

முதல் மூன்று மாதம் அக்கா தந்த பாபிக்யூ சோஸ் போத்தலோடு செய்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இறைச்சி நல்லா வெந்திருக்கு, ஆனா ஏன் பிள்ளை சீனி போட்டனீ?" என்று கேட்டா. சோஸ் முடிந்த பிறகுதான் எங்கள் தூளோடு செய்து பார்க்கத் தொடங்கினேன். நாலைந்து தரம் பிழைத்துப் பிழைத்து இப்போது நிலைத்து நிற்கிற முறை இதுதான்.

முதல்நாள் இரவே இறைச்சிக்கு ஒன்றேகால் மேசைக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி மிளகுத்தூள், இடித்த உள்ளியும் இஞ்சியும் பூசி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். காலமை தாச்சியில் எண்ணெய் விட்டு, துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்க விட்டு எடுப்பேன். அதே தாச்சியில் இரண்டு பெரிய வெங்காயம், இரம்பை, கறுவா, நாலு கராம்பு, பெருஞ்சீரகம் போட்டு வதக்கி, நெருப்பைக் குறைத்து, வறுத்து இடித்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி போட்டு ஒரு நிமிசம் பிரட்டுவேன். இந்த ஒரு நிமிசத்தைத் தவற விடக்கூடாது. குக்கருக்குள் தூளைப் பச்சையாகக் கொட்டினால் பத்து மணித்தியாலம் போனாலும் பச்சை வாசம் போகாது, ஏனென்றால் அதற்குள் எதுவும் வறுபடுவதில்லை, அவிகிறது மட்டும்தான்.

புளிக்கு முதலில் வினாகிரி போட்டேன், பிறகு பழப்புளி, கடைசியில் கொறுக்காய்ப்புளி. பழப்புளி குழம்பைக் கலங்கலாக்கியது. கொறுக்காய்ப்புளி மூன்று துண்டும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் சேர்ந்தால் பன்றிக் கொழுப்பின் திகட்டல் அப்படியே அடங்குகிறது. சின்னத் துண்டு பனங்கட்டியும் போடுகிறேன். அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தண்ணீர் அரைக் கப் மட்டும். புதிதாகப் பாவிக்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அடுப்பில் ஆவி போய்விடும். இங்கே மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுகிறது, இறைச்சியும் தன் பாட்டுக்குத் தண்ணீர் விடுகிறது. நான் முதல்தரம் இரண்டு கப் விட்டு, பன்றி ரசம்தான் கிடைத்தது.

லோவில் ஒன்பது தொடக்கம் பத்து மணித்தியாலம். ஹையில் ஐந்தரை, ஆறு. இரண்டும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான் வருகின்றன, போய்ச் சேரும் வேகம்தான் வேறு. ஆனாலும் தோளுக்கு லோவே திறம். இடையில் மூடியைத் திறக்க வேண்டாம். ஒருதரம் திறந்தால் விட்ட சூட்டைப் பிடிக்க இருபது, முப்பது நிமிசம் எடுக்கிறது. வெந்ததும் இறைச்சியை எடுத்து இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்த்து, குழம்பின் மேலே மிதக்கிற கொழுப்பை அகப்பையால் வழித்துவிட்டு, மிச்சத்தைத் தாச்சியில் பாதியாக வற்றவிட்டுப் பிரட்ட வேணும். வற்றவிடாமல் பிரட்டினால் ருசி தண்ணியாகத்தான் இருக்கும். புட்டோடு சாப்பிட்டால் வேறு கறி தேவையில்லை. பிள்ளைகள் றோஸ் பாணுக்குள் வெங்காயமும் தேசிக்காய்ப்புளியும் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போகிறார்கள்.

கரண்ட் போவதுதான் இந்தச் சாமானுக்குப் பெரிய எதிரி. வாங்கிய புதிதில், 2023 தொடக்கத்தில், தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. நேர அட்டவணையைப் பார்த்து, கட் முடிந்த கையோடு போட்டுவிடுவேன். 2025 பெப்ரவரி 9 அப்படிச் சொல்லிவிட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகுமுன் ஆறு மணிக்கு பங்கு இறைச்சியில் வந்த ஆட்டுக்காலை ஹையில் வைத்துவிட்டுப் போனேன். முற்பகல் பதினொரு மணி கடந்து நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று பிறகு அறிந்தோம். இறைச்சி ஐந்து மணித்தியாலம் வெந்திருந்ததால் மூடியைத் திறக்காமல் துவாயால் சுற்றி வைத்தேன். ஒரு மணிக்கும் சட்டி கை வைக்க முடியாத சூடு. அதன் பிறகு மண்சட்டிக்கு மாற்றி விறகடுப்பில் முடித்தேன்.

போட்டு ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் கரண்ட் போனால் கதை வேறு. அந்த நேரத்தில் இறைச்சி இளஞ்சூட்டில் நிற்கும், கிருமி பெருகுகிற சூடு அதுதான். உடனே அடுப்புக்கு மாற்ற வேணும். வீட்டில் ஒருவரும் இல்லாமல், எவ்வளவு நேரம் கரண்ட் போனது என்று தெரியாமல் வந்தால், நான் கொட்டிவிடுகிறேன். ஒருதரம் கொட்டியும் இருக்கிறேன். ஒன்றரைக் கிலோ பன்றியை நாய்க்கும் வைக்காமல் தாட்டபோது மனம் பொறுக்கவில்லை, ஆனால் வீட்டில் வயதான மனுசியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதே காரணத்துக்காக உறைந்த இறைச்சியை நேரே போடுவதில்லை. சிவப்பு அவரை விதை போடுவதென்றால், ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுப்பில் பத்து நிமிசம் கொதிக்க வைத்த பிறகுதான். பச்சையாகப் போட்டு லோவில் விட்டால் அதிலுள்ள நஞ்சு போகாது.

2024 ஒக்ரோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபோது நாங்கள் பல மாதம் பன்றி வாங்கவில்லை. அது மனிதருக்குத் தொற்றாது என்று தெரியும். ஆனால் பன்றி அடிக்கிற அண்ணையின் பட்டியே வெறுமையாகிவிட்டது. இவ்வளவு நாள் வளர்த்ததைப் பறிகொடுத்த மனிசரிடம் போய் இறைச்சி இருக்கோ என்று கேட்க முடியுமோ? அந்த மாதங்களில் ஊர்க்கோழிச் சேவலை லோவில் எட்டு மணித்தியாலம் விட்டுப் பிய்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தோளின் வழுவழுப்பு வரவில்லை.

மூன்று வருசத்தில் பழுது என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூடிப்பிடியின் திருகாணி துருப்பிடித்து விழுந்தது, வேறு பூட்டினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பீங்கானில் வெள்ளையாகப் படிகிறது. வினாகிரி ஊற்றி ஒரு இரவு விட்டால் போகிறது. சூடான சட்டிக்குள் பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றக்கூடாது, வெடிக்கும். மற்றும்படி, பிரட்டல் கறிக்கு இது சரிவராது. கருகக் கருகப் பிரட்டி எண்ணெய் கக்க எடுக்கிற பன்றிப் பிரட்டலுக்கு இன்றைக்கும் இரும்புத் தாச்சியும் பாலை விறகும்தான்.

ஸ்லோ குக்கரை முதலில் செய்த இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கருக்கு 1940இல் காப்புரிமை கிடைத்ததாம். லித்துவேனிய ஊரில், யூதரின் ஓய்வுநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பேக்கரியின் ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பில் விடியவிடிய வைத்தெடுக்கும் சட்டிக்கறியைப் பற்றிக் கேட்ட கதைதான் அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. அதை வாசித்தபோது அம்மம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா. அருவி வெட்டுக் காலத்தில் இரவுச் சமையல் முடிந்ததும் இறைச்சிச் சட்டியைத் தணலில் இறக்கி, சாம்பலை அணைத்துவிட்டுப் படுப்பா. விடியப்புறம் அது தானாக வெந்திருக்கும்.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றும் இல்லை. பன்றியை விட்டு ஐந்தாறு வருசம் ஆகியிருந்தது, சாறை மட்டும் சோற்றில் விட்டுக்கொண்டு இறைச்சியைப் பிள்ளைகளின் கோப்பைக்குத் தள்ளிவிடுவா. குக்கர் வந்த பிறகு திரும்பவும் எங்களோடு இருந்து சாப்பிடுகிறா. இரண்டாம் முறையும் கேட்டு வாங்குகிறா. அண்ணையின் பட்டியில் இப்போது மீண்டும் குட்டிகள் நிற்கின்றன. நத்தாருக்கு இரண்டு கிலோ தோள் சொல்லி வைத்திருக்கிறேன், அன்றைக்கு இரண்டு தரமாகப் போட வேணும். தோளோடு வருகிற அந்த அகல எலும்பைத் தனக்கு எடுத்து வைக்கச் சொல்லி அம்மா இப்போதே சொல்லிவிட்டா.