எம்.ஆர்.சி. நகர் அடுக்ககமா, ஈசிஆர் வில்லாவா?

சென்னையில் பெரும் தொகை கொடுத்து சொகுசு வீடு வாங்குவோர், எம்.ஆர்.சி. நகர் போன்ற பகுதியில் அடுக்கக ஃபிளாட்டா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனி வில்லாவா என்றே பெரும்பாலும் யோசிக்கிறார்கள். இத்தாலியப் பளிங்கும் மாடுலர் கிச்சனும் இரண்டிலுமே கிடைப்பதால், அவற்றை வைத்து முடிவெடுப்பதில் பொருளில்லை.

தடையற்ற தண்ணீர், மின்சாரம், காவல் ஆகியவற்றில் அடுக்ககமே முந்துகிறது. ஜெனரேட்டரையும் மோட்டாரையும் கவனிக்கத் தனிக் குழு இருப்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளிநாடு போகலாம். வில்லாவிலோ, உப்புக் காற்றில் ஜன்னல் கீல்களும் ஏசியின் வெளி யூனிட்டும் அரிக்கப்படுவதை உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். போர்வெல் தண்ணீரையும் பரிசோதித்த பின்பே நம்பலாம்.

தனிமையில் வில்லாவுக்கு இணையில்லை. நிலத்திலும் அப்படியே: தனி மனைப் பத்திரமுள்ள வில்லாவில் மண் முழுவதும் உங்களுடையது, அடுக்ககத்தில் கிடைப்பது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு மட்டுமே, அதுவும் மாடிகள் கூடக்கூடச் சுருங்கும். விளம்பரத்தில் 4,000 சதுர அடி என்றிருந்தால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுக்கும் கார்பெட் ஏரியா (வெளிச்சுவர்களும் பால்கனியும் நீங்கலாக வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு) எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வயதான பெற்றோர் உடனிருந்தால், மருத்துவமனைகள் அருகிலுள்ள அடுக்ககத்தையே நான் பரிந்துரைப்பேன்.