ஜிடிஎக்ஸ் 1650-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ?

ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 டவர் கம்ப்யூட்டருக்கு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு தேடுகிறீர்களா? வேகத்தில் ஆர்எக்ஸ் 580 முந்தும், 8 ஜிபி மெமரி உள்ள மாடலும் உண்டு. ஆனால் 185 வாட் இழுக்கும், தனியாக பவர் ஒயரும் கேட்கும். டவரில் இருப்பதோ 290 வாட் பவர் சப்ளை. அதை மாற்றலாம் என்றால், மதர்போர்டில் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின்னுக்குப் பதில் 8 பின். அடாப்டர் வேறு வாங்க வேண்டும். அப்புறம் வேலூர் மே மாத வெயில்! மூடிய டப்பாவுக்குள் அந்த கார்டு அடுப்புதான். கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் ஓடித் தேய்ந்த கார்டும் உங்கள் தலையில் கட்டப்படலாம்.

ஜிடிஎக்ஸ் 1650-இல் 4 ஜிபிதான். ஆனாலும் 75 வாட்டை மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தனியாக 6 பின் பவர் ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு, அவை வேண்டாம். சப்ளையை மாற்ற மனமில்லை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.