அம்மாவின் வலது கண் ஒப்பரேசன்: திருகோணமலையில் எங்கள் அனுபவம்

இரவில் எதிரே வரும் பஸ்ஸின் லைட் பெரிய பூ மாதிரி விரிந்து தெரிகிறது என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்து இரண்டு தடவை மாற்றினோம், காசு போனதுதான் மிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலில் தன் பள்ளித் தோழியை அடையாளம் தெரியாமல் கடந்து போய்விட்டார், அவர் கோபித்துக்கொண்டாராம், அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். மறுநாளே நகரிலுள்ள ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நல்லதோடு குறையும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை.

டொக்டர் பரிசோதித்துவிட்டு இரண்டு கண்ணிலும் கற்றரக்ட், அதாவது கண்புரை என்றார். கண்ணின் மேல் ஏதோ தோல் வளர்கிறது என்றுதான் நானே நினைத்திருந்தேன். அப்படியில்லை, கண்ணுக்குள் பிறவியிலேயே இருக்கும் வில்லைதான் வயதாக ஆக மங்குகிறது, முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதைப் போல அதிலுள்ள புரதம் மாறிப்போகிறது. அதனால் எந்தச் சொட்டு மருந்தாலும் கரையாது. பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொன்னார், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். "புரை நல்லா முத்தட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதும் பழைய கதை. முற்ற முற்ற வில்லை கல்லாக இறுகும், எடுப்பதுதான் கஷ்டமாகும்.

இந்த இடத்தைப் பற்றி மனதாரப் புகழ வேண்டியது கண்ணை அளவெடுத்த பிள்ளையைத்தான். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிறார்கள், நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று வரை மாறிவிடுமாம். அம்மா நாடியை மெஷினில் வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளை கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "அம்மா, அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் பாருங்கோ, மகள் எங்கேயும் போகமாட்டா" என்று சொல்லிச் சொல்லி நாலு தடவை அளந்தார். வெளியே அவ்வளவு பேர் காத்திருந்தும் அவசரப்படவில்லை.

குறை என்றால், லென்ஸைப் பற்றிய பேச்சு காசு கட்டும் கவுண்டரில் தொடங்கியது. தூரமும் கிட்டவும் தெரியும் விலை கூடிய லென்ஸையே போடுங்கள், பிறகு கண்ணாடியே தேவையில்லை என்று அங்கிருந்தவர் வற்புறுத்தினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்ப டொக்டரிடமே போய்க் கேட்டேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, விழித்திரையிலும் கொஞ்சம் பாதிப்பு, அதோடு அந்த வகை லென்ஸில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், ஆகவே தூரத்துக்கான சாதாரண லென்ஸ் போதும், வாசிக்க மட்டும் கண்ணாடி போடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இதைக் கவுண்டருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். என்னை மாதிரித் திரும்பிப் போய்க் கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்?

ஒப்பரேசன் அன்று கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் விறைக்கும் ஊசி போட்டார்கள். எல்லோரும் லேசர் என்கிறார்கள், அம்மாவுக்குச் செய்தது லேசர் இல்லை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு ஒரு சின்ன வெட்டு, அதன் வழியாக மீயொலி அதிர்வால் பழைய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விட அது தானாக விரிகிறது. தையல் இல்லை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளிச்சமும் தண்ணீர் ஓடுவதும் தெரிந்தது, நோகவில்லை, நேர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தா என்று அம்மா சொன்னார்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் யோசனை வந்த கதை நம்மூர்க்காரருக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் ஏறிய துண்டுகளை உடம்பு ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் 1949இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார். அப்படிக் காயப்பட்டவர்களில் ஹரிகேன் விமானிகளும் உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது இங்கே திருகோணமலைச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பியதும் அதே ஹரிகேன்தான்.

அன்றே வீட்டுக்கு விட்டார்கள். சொட்டு மருந்துத் தாள் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில். இங்கே வருகிற முக்கால்வாசிப் பேர் தமிழ் மட்டும் வாசிக்கிற வயதானவர்கள், இது பெரிய குறை. நான் கலண்டரின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நாலு கிழமை மருந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து நிமிடம், கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, விறகடுப்புப் பக்கமே போகக் கூடாது. வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, மின்னல் மாதிரித் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஓட்டோ பிடித்து ஓடுங்கள். அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சலம் போகக் கஷ்டம் என்று டாம்சுலோசின் குளிசை எடுக்கிறவர் என்றால் முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள், ஒப்பரேசனின்போது கண்மணி சுருங்கிச் சிரமம் கொடுக்கும்.

மூன்றாம் நாள் அம்மா சுளகில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்தார். "பிள்ளை, இந்தக் கண்ணுக்குப் பச்சரிசி, அந்தக் கண்ணுக்குப் புழுங்கலரிசி" என்றார். அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் அங்கேதான் போகிறோம், அளவெடுக்க அதே பிள்ளைதான் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.