பனிக்கால வளவுக்கு எது? டாக்வுட், வின்டர்பெரி, விட்ச் ஹேசல்

ரொறன்ரோவில் கார்த்திகையில் இலை கொட்டினால், சித்திரைவரை யன்னலுக்கு வெளியே வேலிப் பலகையும் பனியும்தான். அந்த ஐந்து மாதத்துக்கு ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் செந்தண்டு டாக்வுட்டையே வையுங்கள். கனடாக் காடுகளில் தானாக வளர்வது. ஈரக் களியும் கடுங்குளிரும் அதற்குப் பொருட்டல்ல. 2 முதல் 2.5 மீற்றர் வரை உயரும். ஆனால் சிவப்பு இளந்தண்டில்தான். முற்றிய தண்டு மங்கிப்போகும். நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து, பங்குனிக் கடைசியில் துளிர்க்குமுன், தடித்த தண்டுகளில் மூன்றில் ஒன்றை நிலத்தோடு வெட்டுங்கள். மேலால் மட்டமாகக் கத்தரித்தால் அடி நரைத்து நுனி மட்டும் சிவந்து நிற்கும். நிழலிலும் நிறம் எடுபடாது.

அழகில் வின்டர்பெரிதான் முதல். இலையற்ற கிளை முழுக்கச் செங்காய். குண்டுமணியைப்போல் கடும் நஞ்சில்லை, என்றாலும் பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடாது; அது பறவைகளுக்கு. சிக்கல் இரண்டு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, காய்ப்பது பெண்தான். ‘ரெட் ஸ்பிரைட்’ என்ற பெண் வகையை வாங்கினால் ‘ஜிம் டாண்டி’ ஆண் கன்றொன்று 15 மீற்றருக்குள் வேண்டும். ‘வின்டர் ரெட்’டுக்கு ‘சதர்ன் ஜென்டில்மன்’. சோடி மாறினால் பூக்கும் நாள் பொருந்தாது, காயும் வராது. ஓர் ஆண் ஐந்து பெண்ணுக்குப் போதும். அடுத்தது மண். இதற்குப் புளிப்பு மண் வேண்டும், பிஎச் என்ற புளிப்பு அளவில் 4.5 முதல் 6 வரை. இங்கே பல வளவுகளில் சுண்ணாம்புக் களி. இரும்புச்சத்தை வேர் இழுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கந்தகத்தூள் போட்டாலும் அந்தக் களி பழைய குணத்துக்கே திரும்பும். மண்ணைச் சோதிக்காமல் வாங்கினால் காசுக்கு நட்டம்.

விட்ச் ஹேசல் பொறுமைசாலிகளுக்கு. ‘ஆர்னல்ட் பிராமிஸ்’ 4 மீற்றர் வரை வளரும் சிறுமரம். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ பூக்கும். மஞ்சள் கடதாசியை நூலாய் நறுக்கியதுபோல நான்கு இதழ்; உறைகுளிரில் சுருண்டு, வெயில் பட்டதும் விரியும். வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள்; ஆடி, ஆவணியில் வெட்டினால் அடுத்த மொட்டும் போய்விடும். இது ஒட்டுக்கன்று; பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் பூக்கும் வேறொரு விட்ச் ஹேசலின் அடிக்கட்டையில் ஒட்டியது. ஒட்டுக்குக் கீழே முளைப்பதைப் பிய்த்தெறியாவிட்டால் அடிக்கட்டையே மரத்தை விழுங்கிவிடும். ஐப்பசியில் ஒரு கிளை பூத்தால், பெரும்பாலும் அது அடிக்கட்டையின் கிளைதான்.

எதை வைத்தாலும் முயல் பட்டையைக் கடிக்கும். இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள்; உயரத்தை நிலத்திலிருந்து அளக்காதீர்கள், முயல் நிற்பது குவிந்த பனியின் மேலே.