பிளேடு, பேனா, கைக்கடிகாரம்: எதில் பழசு நின்றது, எதில் தோற்றது

இருபக்க பிளேடின் கனம் 0.1 மி.மீ. தனியாக எடுத்துப் பிடித்தால் காகிதம்போல வளையும். ரேசரின் தலைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வைத்துக் கைப்பிடியை முறுக்கியதும் வில்லாக வளைந்து விறைத்துக்கொள்கிறது. அந்த விறைப்புதான் ரேசர். மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பிளேடின் எஃகும் அதன் மேல் பூசும் பூச்சும் மாறினவே தவிர, ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது.

தலை, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றே துண்டு. தேய்வது பிளேடு மட்டும். தலையையே மொத்தமாகக் கழற்றி மாற்றும் புது ரகமான கார்ட்ரிட்ஜில் பிளேடுகள், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம், வழவழப்புப் பட்டை எல்லாம் ஒரே கட்டு. எது முதலில் போனாலும் மொத்தத்தையும் எறிய வேண்டும். முதலில் போவது பெரும்பாலும் அந்தப் பட்டைதான். நிறம் மங்கிவிட்டதே என்று, இன்னும் வெட்டக்கூடிய பிளேடுகளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம். தினமும் கையாளும் பொருள் எதுவானாலும், தேயும் பகுதி தேயாத பகுதியிலிருந்து தனியே கழன்று வருமா என்றுதான் முதலில் பார்ப்பேன். பழசா புதுசா என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். பராமரிப்பு யார் தலையில் விழுகிறது என்பது மீதிப் பாதி.

சவரத்தின் தரத்துக்கு வருவோம். 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் கடைக்கு வந்தபோது சொன்ன விளக்கம் இது: முதல் பிளேடு முடியை வெட்டும்போது கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது இன்னும் கீழே வெட்டும். வழவழப்பு கிடைப்பது உண்மை. ஆனால் வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த நுனி வளர்ந்து வெளியே வருவதற்குப் பதில் பக்கவாட்டில் தோலைக் குத்தும். கழுத்தில் சிவப்புக் கட்டிகள் கிளம்பும். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கழுத்துக் கட்டிகளால் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். முடி நேராகவும் தோல் சாதுவாகவும் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகலாம்.

பழைய ரேசரை வாங்கி, இரண்டு நாள் முகத்தைக் கீறிக்கொண்டு, மூன்றாம் நாள் அலமாரிக்குள் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அழுத்துவது. கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கு ஏற்ப அசைந்து கொடுக்கும், கை அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். இங்கே தலை அசையாது. 80 முதல் 100 கிராம் எடையுள்ள ரேசரின் சொந்தக் கனமே போதும். கை திசையை மட்டும் காட்ட வேண்டும். கைப்பிடியின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்தால், அழுத்த நினைத்தாலும் அழுத்த வராது.

அடுத்தது கோணம். ரேசர் தலையின் உச்சியைக் கன்னத்தில் வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும், பிளேடு தோலைத் தொடாது. கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே சிறிது நகர்த்துங்கள். முடி அறுபடும் சத்தம் கேட்கத் தொடங்கும் இடம்தான் உங்கள் ரேசரின் கோணம். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறத்தாழ 30 பாகை. அதற்கும் கீழே இறக்கினால் அறுப்பது போய்ச் சுரண்டல் ஆரம்பிக்கும். எரிச்சல் வருவது அங்கேதான். சத்தத்தைக் கவனிப்பது நல்ல பழக்கம், குழாயை மூடிவிட்டுச் சவரம் செய்யுங்கள்.

பிளேடு மாட்டும்போது: தலையைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடைத் துளைகளில் பொருத்தி, அடித்தட்டை மேலே வைத்து, பிளேடின் கூரில்லாத குட்டை ஓரங்களைப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். பிறகு வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிளேடு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் சாதுவாகவும் மறுபக்கம் கடியாகவும் இருக்கிறது என்றால், தயாரித்தவர் மேல் குற்றம் சொல்லும் முன் இதைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பிளேடு கோணலாக உட்கார்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

சவரத்துக்கு முன் முகம் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் நனைய வேண்டும். நனைந்த முடி தண்ணீரைக் குடித்து உப்பி மிருதுவாகிறது. வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. குளித்து முடித்த கையோடு செய்வது எளிது. முதல் சுற்று முடி வளரும் திசையில், இரண்டாவது குறுக்கே. எதிர்த்திசைச் சுற்று கட்டாயமில்லை. கழுத்தில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நுரை புதிதாகப் பூச வேண்டும்.

நுரையைப் பொறுத்தவரை டப்பாவில் வரும் ஃபோம் பெரும்பாலும் காற்று. பிரஷ்ஷை நனைத்து, இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் 20 முதல் 30 விநாடி சுழற்றி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தால் வரும் நுரை வேறு ரகம். பெரிய குமிழிகள் தெரிந்தால் சோப்பு போதவில்லை. மங்கலாக, ஒட்டும் பசைபோல் இருந்தால் தண்ணீர் போதவில்லை. மினுமினுப்போடு, பிரஷ்ஷைத் தூக்கும்போது நுனி வளைந்து நின்றால் சரி. ஆனால் பிரஷ்ஷில் என் ஓட்டு புதியதற்குத்தான். விலங்கு முடி பிரஷ்ஷை ஊறவைக்க வேண்டும், ஈரம் காய நேரமாகும், முடி உதிரும், ஆரம்பத்தில் வாடையும் அடிக்கும். இப்போதைய செயற்கை இழைக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. கொஞ்சம் சோப்பிலேயே நுரை வந்துவிடும். பழைய முறையை முழுசாகக் கடைப்பிடித்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஒரு பிளேடு நான்கு முதல் ஏழு சவரம் வரும். முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. பிறகு பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கூர் வழவழவென்று தேய்வதைவிட நுண்ணிய சில்லுகளாகத் தெறிப்பதுதான் பெரிய காரணம் என்று காட்டினார்கள். பிளேடு சாய்வாக முடியைச் சந்திக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் அப்படி நடக்கிறது. ஐந்தாம் சவரம்வரை நன்றாக இருந்த பிளேடு ஆறாவதில் திடீரென்று மேலுதட்டில் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இழுத்தால் மாற்றிவிடுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டாம். பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள். கூரின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். உதறி வைத்தால் போதும்.

ரேசர் வாங்குவதில் ஒரே எச்சரிக்கை, உலோகம். மலிவான தலைகள் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசியவை. பூச்சில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் உள்ளே அரிக்கத் தொடங்கும். அதிகமாக முறுக்கினால் தலையிலுள்ள திருகுத் தண்டு முறியும். முறிந்தால் ஒட்ட வழியில்லை. உப்புக்கறையை எடுக்க வினிகரில் ஊறப்போட்டால் அந்த அமிலம் துத்தநாகத்தையே தின்னும். பழைய பல்துலக்கியும் சோப்பும் போதும். பித்தளையிலோ துருவேறா எஃகிலோ செய்த தலைக்கு இந்தப் பயமில்லை.

கார்ட்ரிட்ஜ் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. இருபக்க பிளேடைப் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், கார்ட்ரிட்ஜுக்குத் தடையில்லை. கண்ணாடி இல்லாமல் பின்மண்டையை மழிப்பதற்கும், ஐந்தே நிமிடத்தில் வெளியே ஓட வேண்டிய காலைகளுக்கும் அசையும் தலைதான் சௌகரியம்.

பேனாவில் கதை அவ்வளவு ஒருதலையாகப் போகாது. பால்பாயின்ட்டின் மை எண்ணெய்ப் பசை, கெட்டியானது. குண்டு உருண்டால்தான் மை இறங்கும், அழுத்தினால்தான் குண்டு உருளும். ஐம்பது பக்கம் எழுதுகிற கைக்கு அந்த அழுத்தம் கட்டைவிரலின் அடியில் வலியாகச் சேர்கிறது. இங்க் பேனாவில் மை நீர்த்தது. நிப்பின் பிளவு வழியாக நுண்துளை ஈர்ப்பில் தானே இறங்கிக் காகிதத்தைத் தொட்டதும் ஓடிவிடும். சாய்த்துப் பிடித்து இழுத்தால் போதும், அழுத்தினால் நிப்தான் கெடும்.

பதிலுக்கு அது கேட்கும் பராமரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. புதுப் பேனா எழுதாமல் அடம்பிடித்தால், தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் படலம் காரணமாக இருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து முறை இழுத்து வெளியேற்றுங்கள். வெந்நீர் கூடாது, எபோனைட் (கெட்டி ரப்பர்) பாகங்கள் நிறம் மாறிவிடும். ஒரு திசையில் இழுத்தால் வழுக்கி, எதிர்த்திசையில் கீறினால் நிப்பின் இரண்டு கிளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் நேர் எதிரே வைத்துப் பார்த்தால் தெரியும். உயர்ந்து நிற்கும் கிளையை நகத்தால் லேசாகக் கீழே அழுத்தி, எழுதிப் பார்த்து, மறுபடி அழுத்துங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் கோடு மட்டும் விழாமல் போவது வேறு நோய். முனையை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் பிளவின் உள்ளோரங்கள் உருண்டுவிட்டன. மை காகிதத்தைத் தொடாமல் மேலேயே நிற்கிறது. இதற்கு நிப்பை மாற்றுவதுதான் சுருக்கு வழி.

உடலுக்குள்ளேயே மை ஊற்றும் பேனாக்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் பொட்டென்று ஒரு சொட்டை உதிர்ப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காலியான இடத்தில் இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளுகிறது. அந்த அளவுக்கு விடாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். மரையில் சிலிக்கோன் கிரீஸ் பூசினால் கழுத்து வழியாகக் கசியாது. ஓவியத்துக்கான இந்தியன் இங்க்கை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்தால் மைப்பாதை அடைந்தே போகும். நிறமித் துகள் மை தண்ணீருக்கு அழியாது, ஆனால் வாரக்கணக்கில் சும்மா வைத்தால் அதுவும் உறைந்துவிடும்.

சாயமையில் எழுதிய பக்கத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போச்சு. கார்பன் நகல் படிவத்தில் இங்க் பேனா எழுதவே எழுதாது. மெல்லிய காகிதத்தில் பின்பக்கம்வரை ஊறும். ஆகவே மேசையில், நல்ல காகிதத்தில், மணிக்கணக்கில் எழுத இங்க் பேனா, சட்டைப்பையில் பால்பாயின்ட். ரீஃபில் மாற்றக்கூடிய பால்பாயின்ட் மேலே சொன்ன முதல் சோதனையில் தேறிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதித் தீர்ந்ததும் எறிகிற ரகத்துக்குத்தான் மன்னிப்பில்லை.

கைக்கடிகாரத்தில் பழசு தோற்றது. பேட்டரியில் ஓடும் கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி கொடுக்கும் மெக்கானிக்கல் கடிகாரத்தில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 21,600 அல்லது 28,800 முறை, அதாவது விநாடிக்கு ஆறோ எட்டோ முறைதான் அடிக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 விநாடி தவறும், சாதாரண மெக்கானிக்கல் அதே அளவு ஒரே நாளில் தவறும். மெக்கானிக்கலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெயிட வேண்டும், அதற்குத் தேர்ந்த கை வேண்டும். குவார்ட்ஸ் கேட்பது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு பேட்டரி. ஒரே நிபந்தனை, ஓட்டம் நின்ற பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. கசிந்தால் சுற்று போய்விடும். ஸ்மார்ட் கடிகாரம் இந்தப் போட்டியிலேயே இல்லை. அடிக்கடி சார்ஜ் கேட்கிற, பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிய பொருளை இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நம்ப முடியாது.

இத்தனைக்குப் பிறகும் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு விஷயம். இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணிவரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். தேதிச் சக்கரத்தை நகர்த்தும் பல் அப்போது ஏற்கெனவே கோத்திருக்கும், திருகினால் உடையலாம். ஒழுங்காக ஓடிய கடிகாரம் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்தினால் உடனே பிரிக்கக் கொடுக்காதீர்கள். காந்தம் உள்ள போன் உறை, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தால் பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகி வேகம் கூடும். முள் வைத்த சாதாரணத் திசைகாட்டியின் மேல் கடிகாரத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். கடிகாரத்தோடு முள்ளும் திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வைத்து எடுத்தால் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடும்.