ஆறு குளிர்காலம், இரண்டு கவர், தேய்ந்துபோன ஒரு ஜன்னல்

போன வாரம் நண்பன் போனில் கேட்டான்: "டேய், டிராவல் டிரெய்லருக்குக் குளிர்காலத்துல கவர் போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் என் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) பின்பக்க ஜன்னலைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுக் கையில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலைக் கெடுத்ததே வண்டியைப் போர்த்தும் துணிக் கவர்தான். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

வண்டி ஆறு குளிர்காலம் திறந்தவெளியில் நின்றிருக்கிறது. முதல் மூன்றுக்கு ஒரு கவர். அது கந்தலானதும் சலித்துப்போய் நான்காவதுக்கு எதுவும் போடவில்லை. கடைசி இரண்டுக்கு இன்னொரு கவர். ஆக, இரண்டு வாழ்க்கையும் வாழ்ந்து பார்த்தாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பேச்சு வந்துவிட்டால் எனக்கு நியாயம் மறந்துபோகும்.

என்னுடையது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் கூரை. வெயில் பட்டுப் பட்டு மேல்தோல் வெள்ளைப் பொடியாக உதிரும். மழையில் அது சுவரில் கோடு கோடாக வழியும். கவர் போட்ட வருடங்களில் வசந்தத்தில் அதை உருவினால் கூரை நாம் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கும். ஒரு வாளித் தண்ணீர் போதும். கவர் போடாத வருடம் ஏணியில் ஏறிப் பார்த்தபோது அழுகிய இலைகள் காற்றுத் துவாரத்தைச் சுற்றிச் சேறாக அப்பியிருந்தன. பறவைகள் தங்கள் பங்கைத் தாராளமாகச் செய்திருந்தன. கறுப்புக் கோடுகளைத் தேய்த்து எடுக்க அரை நாள் போனது.

சீலண்ட் விஷயத்திலும் கவருக்கே மதிப்பெண். துவாரங்களைச் சுற்றிப் பூசியிருக்கும் அந்தப் பசை வெயிலில் காய்ந்து மயிரிழை போல வெடிக்கும். அதில் இறங்கும் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்து வெடிப்பை அகலமாக்கும். உருகினால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். இது ஒரு குளிர்காலத்தில் எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஃபைபர் தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் புகுந்து சுவர் உப்பினால், வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிக்கவைக்கும் செலவு.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று: இரண்டாவது கவரில் கதவுப் பக்கம் ஜிப் இருக்கிறது. வெளியே பனி கொட்டும்போது ஜிப்பைத் தூக்கி உள்ளே நுழைந்தால் துணி வழியே மங்கலான சாம்பல் வெளிச்சம், சத்தமே இல்லை. ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

சரி, இனி காற்று.

கடையில் கிடைக்கும் கவர்கள் சில நீள அளவுகளில்தான் வருகின்றன. நம் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்ததில்லை. என்னுடையது ஒரு முழம் அதிகம். ஸ்ட்ராப்பை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கீழே எங்காவது காற்று புகும், வயிறு ஊதும், அப்புறம் 'பட்' என்று சுவரில் அறையும். ராத்திரி முழுக்க அந்த 'பட், பட்'. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துணிக்கும் சுவருக்கும் நடுவே தூசி இருக்கிறதே, அதுதான் வினை. தூசியோடு ஆடும் துணி உப்புத்தாள்தான், வேறு பெயர் வைக்க முடியாது. என் டிரெய்லர் ஜன்னல் அக்ரிலிக் பிளாஸ்டிக், கண்ணாடியைவிட மிருது. இந்த வசந்தத்தில் கவரை எடுத்தபோது பின் ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் படிந்தது போல ஒரு திட்டு. துடைத்தேன், போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கீறல்கள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து. குளிர்காலம் முழுக்கக் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாலிஷ் போட்டதில் திட்டு பளபளப்பான திட்டு ஆனது, அவ்வளவுதான். போர்த்துவதற்கு முன் வண்டியை நன்றாகக் கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, தெரியும். அன்றைக்கு இருட்டிக்கொண்டிருந்தது.

முதல் கவரைக் கொன்றது வேறு இடம். கூரையின் நாலு மூலையிலும் மழைத்தண்ணீர் வழிய மூக்கு மாதிரி பிளாஸ்டிக் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முதல் குளிர்காலத்திலேயே நாலில் இரண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன், வாரத்தில் உருண்டு போயின. கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் உறையை வெட்டி, மடித்து, கயிறு போட்டுக் கட்டியதுதான் நின்றது.

"தார்ப்பாய் போட்டால் ஆகாதா?" என்று கேட்காதீர்கள். அது மூச்சு விடாது. உள்ளே ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சோலார் பேனல் கதை என் முட்டாள்தனம், கவரைத் திட்ட வழியில்லை. பேனல் கூரையில் இருக்கிறது, பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருந்தேன். அந்தப் பேனலையும் சேர்த்துத்தான் போர்த்தியிருக்கிறேன் என்பது நடுக் குளிர்காலத்தில்தான் உறைத்தது. முழு சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும். காலியானது மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்துவிடும். என்னுடையதன் பக்கவாட்டு உப்பியிருந்தது. இப்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று: கவர் போட்டுவிட்டால் கூரையைப் பார்க்கவே தோன்றாது. கவர் போட்ட மூன்றாவது குளிர்காலத்தில் துவாரத்தோரம் வெடிப்பு இருந்திருக்கிறது. கவரின் கிழிசல் வழியாக இறங்கிய தண்ணீர் உள்ளே மஞ்சள் வட்டம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டிக் கழித்தால் கவர்தான் ஜெயிக்கிறது. கூரை, சீலண்ட், பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் அதன் பக்கம். இந்தப் பக்கம் ஒரு ஜன்னலும் என் தூக்கமும். ஆனாலும் நண்பனுக்கு நேற்று அனுப்பிய ஒரே வார்த்தை: வாங்காதே. மேலே ஷெட் போட்ட இடம் கிடைத்தால் அங்கே நிறுத்து. கிடைக்காவிட்டால் பழைய சீலண்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசு, சுவருக்கு மெழுகு போடு, மாதம் ஒரு தடவை ஏணியில் ஏறிப் பார். இந்த வருடம் நானும் அப்படித்தான் விடப்போகிறேன்.

இரண்டாவது கவரை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லை. அதிலிருந்த நாலு கிழிசலில் மூன்றைத் தைத்தாயிற்று. நாலாவதுக்கு நூல் போதவில்லை.