நாணலைத் தொடாமல் விடுவதா, சுழற்சி முறையில் வெட்டுவதா?

ஆற்று வெள்ளச் சமவெளியில் நாணலை அப்படியே விட்டால் போதும், பறவைகள் தானே வரும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி. பழைய தட்டைகளுக்குள் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கும், கதிர்க்குருவிகளுக்குக் கூடு கட்ட மறைவும் கிடைக்கும். ஆனால் ஆண்டுக்காண்டு விழும் சருகு சேர்ந்து தரை உயர்ந்து, நிலம் மெல்லக் காய்ந்து புதர் ஏறிவிடும், அப்புறம் ஆழமில்லாத நீரில் மீனும் தவளையும் பிடித்துத் தின்னும் குருகுக்கு அங்கே என்ன வேலை?

சுழற்சி வெட்டு இதைத் தள்ளிப்போடும். ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும், அதுவும் கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகு வெட்டி, வெட்டியதை வெளியே எடுத்துவிட வேண்டும் (அங்கேயே போட்டால் பாடுபட்டது வீண்). செலவு கூடுதல்தான். வெள்ளத்தையே கரை போட்டுத் தடுத்துவிட்ட இடத்தில் இரண்டும் பலிக்காது. மற்ற இடங்களில் என் ஓட்டு சுழற்சிக்குத்தான், ஓர் ஓரத்தை மட்டும் பல ஆண்டுகள் தொடாமல் விட்டுவைத்து.